கல்லீரலில் தூங்குறவன்

மலேரியா கிருமி ரத்தத்தில் கலந்துட்டா சில நிமிஷத்துல கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்துடும். போனதும் கிடைச்ச செல்லுல உட்காராதுங்க. சில செல்களைத் துளைச்சு வெளியேறி, அப்புறம்தான் ஒண்ணுல தங்கும். (வெளிநாட்டுல வீடு தேடுற நம்மாளுங்க மாதிரி!) ஒரு வாரத்துல ஆயிரக்கணக்காப் பெருகும். அதுவரை காய்ச்சலே வராது. 1948-ல் ஷார்ட்டும் கார்ன்ஹமும் குரங்கின் ஈரலில் இதைப் பார்க்கும்வரை, இடைப்பட்ட நாள்ல கிருமி எங்கே ஒளியுதுன்னே தெரியலை.

வைவாக்ஸ் வகை இன்னும் மோசம். சிலது பெருகாமல் மாசக்கணக்கில் தூங்கும். அதுக்குத்தான் 14 நாள் பிரைமாகுயின்.

சென்னையில அப்பாவுக்கு மறுபடி குளிர்காய்ச்சல், மூணே மாசத்துல. ரெண்டு தடவையும் வைவாக்ஸ்தான். "இன்னொரு கொசு கடிச்சிருக்கும்டா"ங்கிறார் போன்ல.

"போன தடவை மாத்திரையை முழுசா முடிச்சீங்களாப்பா?"

"காய்ச்சல்தான் 4 நாள்ல விட்டுடுச்சே" என்றார்.