நான் காட்டிய விரல்

கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி கேட்டு வளர்ந்த காது என்னுடையது என்று திருவனந்தபுரத்தில் நான் பெருமை பேசாத வீடு கிடையாது. சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள், ஒன்பது சாயங்காலம், ஆறு மணிக்கு ஆரம்பித்தால் எட்டரைக்கு முடிந்துவிடும். கைதட்டல் கிடையாது. மைக் இல்லாத காலத்தில் பாட்டு எடுபடுவதற்காகக் கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்ட இடம் அது. அங்கே உட்கார்ந்து பழகியவனுக்குச் சத்தத்தின் அளவு தெரியாதா?

தெரியவில்லை. எழுபத்து மூன்றாம் வயதில்தான் அது புரிந்தது.

ஒரு சின்ன சபாவுக்குப் பதினைந்து வருஷம் செயலாளராக இருந்தேன். கடைசி வரிசையில் நின்று மைக்செட்காரருக்கு விரலை மேலே காட்டுவது என் வேலை. “சாமி, இதுக்கு மேலே வேண்டாம்” என்று ஒரு தடவை சொன்னார். முறைத்தேன். கூட்டினார். முன்வரிசையில் ஒரு பாட்டி முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கும் எனக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம்.

வயலின் கற்கும் என் பேத்தி ஒரு நாள் டெசிபல் மீட்டரோடு வந்தாள். கூட்டம் வருமுன், மின்விசிறிகள் ஓட, காலி ஹாலை அளந்தாள்: 52. கச்சேரி நடுவில், ஐந்தாம் வரிசையில் உட்கார்ந்து அரைமணி நேரச் சராசரி எடுத்தாள்: 92.

“குறைச்சல்தானே?” என்றேன்.

“தாத்தா, 85-ல் எட்டு மணி நேரம் இருக்கலாம். 3 கூடினால் சத்தத்தின் சக்தி இரட்டிப்பு, நேரம் பாதி. 91-க்கு இரண்டே மணி நேரம். உங்கள் கச்சேரி மூன்று மணி நேரம்.”

அடுத்த வாரம் காது டாக்டரிடம் போனேன். கீழ் ஸ்தாயி எனக்கு நன்றாகவே கேட்கிறதாம். மேல் அதிர்வெண்கள் தேய்ந்துவிட்டன. சாகித்தியத்தின் மெல்லிய எழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. சொல் தெளியாததைச் சத்தம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு, என் ஒரு காதுக்காக இருநூறு பேர் காதைப் பதம் பார்த்திருக்கிறேன்.

மேடையும் லேசுப்பட்டதில்லை. மிருதங்கக்காரர் மேடையைப் பார்த்து வைத்த மானிட்டர் ஸ்பீக்கரில் கொஞ்சம் கூட்டச் சொல்வார், அது வயலினை மூடும், வயலின்காரரும் கூட்டச் சொல்வார், பாடுகிறவர் சும்மா இருப்பாரா?

மீட்டர் வாங்குகிறவர்களுக்கு: போன் செயலி தோராயத்துக்கு உதவும், சண்டைக்கு உதவாது. இரண்டாம் வகுப்புக் கருவி சபாவுக்குப் போதும். 94 டெசிபல் கொடுக்கும் அளவுசரிபார்ப்பானைக் கடன் வாங்கியாவது பொருத்திப் பாருங்கள். சரிபார்க்காத மீட்டர் என் காது மாதிரிதான். ஏ, சி என்று இரண்டு அளவை இருக்கும். காதைப் போலக் கீழ் ஒலியைத் தள்ளுபடி செய்வது ஏ. சி அதைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொள்ளும். சி வெகுவாக மேலே நின்றால் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி ஸ்பீக்கரில் வீங்குகிறது என்று அர்த்தம். துள்ளும் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், சராசரியைப் பாருங்கள். ஸ்பீக்கர் முன்னால் போய் நிற்கவும் வேண்டாம். ரசிகர் உட்காரும் இடத்தில், காது உயரத்தில், கையை நீட்டிப் பிடியுங்கள்.

திறந்தவெளி என்றால் 2000-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன: பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கு வகுத்த சூழ்சத்த அளவுக்கு மேல் 10 அல்லது 75, எது குறைவோ அதுவே வரம்பு. கோயில் கமிட்டிக்காரர்கள் கோபிப்பார்கள், சொல்லத்தான் வேண்டும்.

மைக்செட்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அது சாரமில்ல சாமி, பரவாயில்லை” என்று சிரித்தார். இப்போது எங்கள் ஹாலில் சராசரி 80-ஐத் தாண்டுவதில்லை. சொல் கேட்கவில்லை என்றால் நான் முதல் வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.