தும்பும் பிளாஸ்டிக்கும்

மண்சுவர் எழுப்பிய நம் முன்னோர் களிமண்ணை வெறுமனே குழைத்து வைத்தாரல்லர். வைக்கோலையும் சேர்த்து மிதித்தனர். மண் பாரத்தைத் தாங்கும்; ஆனால் காயும்போது வெடிக்கும். அவ்வெடிப்பு ஓடாதவாறு வைக்கோல் இழுத்துப் பிடிக்கும். ஒன்றின் குறையை மற்றொன்றின் குணம் நிரப்புகின்ற இவ்வுபாயமே, தாவர நாரைப் பிளாஸ்டிக்கில் சேர்த்து உறுதியான பலகைகள் செய்யும் இக்காலத் தொழிலுக்கும் அடிப்படையாகும்.

கண்ணாடி நார் நீரைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு அடர்த்தியுள்ளது. தாவர நாரோ ஒன்றரை மடங்களவே. ஆதலால் ஜேர்மனியில் மோட்டார்க் கார்களின் கதவு உட்பலகைகளுக்கு ஆளிநாரும் சிசால் நாரும் பயன்பட்டு வருகின்றன. நமது தென்னந்தும்பு இழுவலிமையில் இவற்றுக்குப் பின்னிற்பினும், முறியுமுன் நன்கு நீண்டு கொடுக்கும் குணமுடையது.

ஆயினும் இச்சேர்க்கை எளிதானதன்று. நார் நீரை நாடும். பிளாஸ்டிக் நீரை வெறுக்கும். இரண்டும் தாமாகப் பற்றிக்கொள்ளா. நாரை எரிசோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால், மேலேயுள்ள மெழுகு நீங்கிச் சொரசொரப்பு ஏற்பட்டுப் பிடிப்பு உண்டாகும். ஏறத்தாழ 200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நார் கருகத் தொடங்குமாதலால், அதற்குக் கீழே உருகும் பொலித்தீன், பொலிப்புரொப்பிலீன் போன்றனவே பெரிதும் பொருந்துவன.

இதனை வகுப்பில் விளக்கியபோது மாணவி ஒருத்தி எழுந்து, “அப்படியென்றால் இந்தப் பலகை மண்ணில் உக்குமா, சேர்?” என்று வினவினாள். இத்தொழிலின் உயிர்நாடியையே தொட்ட வினா அது!

அதற்கு விடை முன்னைய கிழக்கு ஜேர்மனியின் அனுபவத்திற் கிடைக்கின்றது. உருக்குத் தகடு அரிதாயிருந்த அந்நாட்டில், 1957 முதல் 1991 வரை ‘ட்ரபான்ட்’ என்னும் கார்கள் ஏறத்தாழ 30 இலட்சம் செய்யப்பட்டன. கழிவுப் பஞ்சைப் பீனோல் பிசினுடன் சேர்த்துச் சூட்டில் அழுத்தி அவற்றின் வெளிப்பலகைகளை ஆக்கினர். அவை துருப்பிடிக்கவில்லை. அச்சிறப்பே பின்னர் தொல்லையாயிற்று. உருக்கி வார்க்கவும் இயலவில்லை, புதைத்தால் உக்கவுமில்லை, எரித்தாலோ நச்சுப்புகை.

நார் உக்கும்; அதனைச் சூழ்ந்த பிசின் உக்காது; இரண்டையும் பிரித்தெடுப்பதும் அரிது. இதுவே அம்மாணவிக்கு நான் கூறிய விடை. மாப்பொருளிலிருந்து ஆக்கப்படும் பொலிலற்றிக்கமிலப் பிளாஸ்டிக்கும் பசளை ஆலையின் வெப்பத்தில் உக்குமேயன்றி, வீட்டுக் குப்பைக் கிடங்கில் எளிதில் உக்குவதில்லை. ஆகவே ‘இயற்கை நார்’ என்ற பெயரை மட்டுங் கண்டு நாம் மயங்கலாகாது.

இதனால் இத்தொழில் வேண்டாமென்பது என் கருத்தன்று. பல்லாண்டு உழைக்கவேண்டிய கதவுக்கும் இருக்கைக்கும் நம் பொச்சுமட்டை தந்த தும்பு தாராளமாகத் துணைநிற்கட்டும். பிளாஸ்டிக்கின் அளவாவது குறையும். ஒருவேளை உண்டு எறியும் தட்டுக்கோ, வளவிலுள்ள வாழையிலையே போதும்.