அஞ்சடியில் கற்ற பாடம்

பெயரிலேயே பழத்தை வைத்திருக்கும் ஊர் பெக்கான் நானாஸ். மலாயில் பெக்கான் என்றால் சிறுபட்டணம், நானாஸ் என்றால் அன்னாசி. ஸ்கூடாயிலிருந்து பொந்தியானுக்குப் போகும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் வந்தால் இந்த ஊரைத் தவறவிட முடியாது. மற்ற பயிர்கள் முகம் சுளிக்கும் புளித்த சதுப்பு மண்ணில் அன்னாசி மட்டும் செழிப்பாக வளர்கிறது. அன்னாசிக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இங்கே உண்டு.

ஆனால், என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது பழமும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. கடைவீதியின் அஞ்சடிதான்.

அஞ்சடி நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைவீட்டின் மாடி முன்னால் நீண்டு வந்து, கீழே நடப்பவர்களுக்குக் கூரையாகிவிடும். 1822-இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்தை வகுத்தபோது, ஒவ்வொரு கடைக்கும் முன்னால் இப்படி ஒரு நடைவழி விட வேண்டும் என்று ராஃபிள்ஸ் விதித்தார். அந்த வழக்கம் தீபகற்பத்துப் பட்டணங்களுக்கும் பரவியது. நடப்பதற்காகப் போட்ட வழியில் நம் மக்கள் நாற்காலி போட்டார்கள். அன்று பிற்பகல் மழை பிடித்தபோது அஞ்சடியில் பள்ளி மாணவர்கள், சந்தைக்கு வந்த பாட்டிமார்கள், தாதிமை உடையில் ஓர் இளம்பெண் என்று பத்துப் பதினைந்து பேர் ஒதுங்கி நின்றோம். கால் மணி நேரத்தில் எல்லோருக்குள்ளும் பேச்சு தொடங்கிவிட்டது.

அங்கிருந்து ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஸ்கூடாய் வந்துவிடும். அங்கே 1985-இல் திறக்கப்பட்ட மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் ஆயிரம் ஹெக்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. நடுவே குன்றின் மேல் பள்ளிவாசல், அதைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சாலைகள், ஏரி, காடு. பார்க்க அழகான இடம். இருந்தும் மாலை சாய்ந்தால் பல மாணவர்கள் பக்கத்துத் தாமான் யுனிவர்சிட்டியின் மாமாக் கடைகளில்தான் இருக்கிறார்கள். ஒரு தே தாரேவை மூன்று மணி நேரம் குடிக்கும் கலை அவர்களுக்குக் கைவந்தது.

இவ்வளவு பெரிய வளாகத்தை விட்டு ஏன் வெளியே வருகிறார்கள்? விடை நாற்காலியில் இருக்கிறது. நியூயார்க்கின் சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், 1980-இல் வெளியிட்ட நூலில் ஓர் எளிய உண்மையைச் சொன்னார்: உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் உட்காருகிறார்கள். இன்னொன்றையும் கவனித்தார். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், உட்காருமுன் ஓரிரு அங்குலமாவது அதை நகர்த்திக்கொள்கிறார்கள். அந்தச் சிறு அசைவில் 'இது என் இடம்' என்ற உணர்வு வந்துவிடுகிறது. மாமாக் கடையில் நாலு பேருக்கு ஒரு மேசை, எட்டுப் பேர் வந்தால் இரண்டு மேசையை இழுத்துச் சேர்த்துவிடலாம். கூரை உண்டு, வெளிச்சம் உண்டு, பின்னிரவிலும் திறந்திருக்கும்.

நம் பக்கத்து உதாரணமும் இருக்கிறது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தை வடிவமைத்த பி.வி. தோஷி, ஃபதேபூர் சிக்ரியையும் மதுரைக் கோயிலின் நீண்ட பிராகாரங்களையும் மனத்தில் வைத்து வகுப்புகளுக்கு இடையே அகலமான தாழ்வாரங்களை அமைத்தார். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் நின்று பேச இடம் வேண்டும், அதுவும் பாடத்தின் ஒரு பகுதி என்பது அவர் கருத்து. 2018-இல் பிரிட்ஸ்கர் விருது பெற்ற கட்டடக் கலைஞர் அவர்.

இது ஏதோ அலங்கார விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். இரவு நிகழ்ச்சிக்கு அழைக்கும் மாணவர்களின் குரலை நான் வருடக்கணக்காகக் கேட்கிறேன். பாட்டு வேண்டும் என்றுதான் தொடங்குவார்கள். கொஞ்சம் பேசவிட்டால், 'சும்மா பேச ஆள் இல்லைக்கா' என்று முடிப்பார்கள். சின்ன ஊரில், தெருவெல்லாம் தெரிந்த முகமாக வளர்ந்த பிள்ளைக்கு விடுதி அறையின் நான்கு சுவர் பெரிய மாற்றம். தேர்வில் தோற்றதை அம்மாவிடம் சொல்வதற்கு முன் ஒரு தோழியிடம் சொல்லிப் பார்க்க அவளுக்கு ஓர் இடம் வேண்டும்.

அப்படி இடம் அமைக்கிறோம் என்று சில கல்லூரிகள் எடுத்த முயற்சியையும் பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் குளிர்சாதன அறை, வண்ண வண்ணச் சாய்வு மெத்தை, சுவரில் ஊக்க வாசகம் எல்லாம் இருந்தன. சாவி மட்டும் அலுவலகத்தில். மாலை 5 மணிக்குப் பூட்டு. மாணவர்கள் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் படியில் காற்று வந்தது, போகிறவர் வருகிறவர் தெரிந்தார்கள், யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை.

நம் ஊர் வெயிலுக்கும் திடீர் மழைக்கும் பெரிய செலவு தேவையில்லை. வகுப்புக்கும் விடுதிக்கும் இடையே கூரை போட்ட அகலமான நடைவழி, நகர்த்தக்கூடிய நாற்காலிகள், ஒரு மின்விசிறி, கைப்பேசிக்கு மின்இணைப்பு, மலிவான ஒட்டுக்கடை ஒன்று போதும். காசு கொடுத்து வாங்காதவனும் உட்காரலாம் என்பது முக்கியம். மாதக் கடைசியில் இரண்டு ரிங்கிட்டும் கணக்குத்தான். நள்ளிரவில் தனியாக நடக்கும் மாணவிக்கு அந்த வழியில் நல்ல வெளிச்சமும் வேண்டும்.

அடுத்த முறை பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் பார்க்கப் போகும்போது நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் பார்த்துவிட்டு, இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: 'இரவு 9 மணிக்கு மேல், காசு செலவில்லாமல், என் பிள்ளை நாலு பேரோடு எங்கே உட்காரலாம்?' வழிகாட்ட வந்த மாணவரையே கேளுங்கள். அவர் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள், வளாகத்துக்குள்ளா, வெளியிலா என்று.