இடம் கேட்கும் பாட்டு

மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் ‘பொசாதா’ நடைபெறும். ஸ்பானியத்தில் அச்சொல்லுக்குச் சத்திரம் என்று பொருள். நிறைமாதமாயிருந்த மரியாளும் சூசையப்பரும் பெத்லகேமில் தங்க இடம் தேடி அலைந்ததைத் தெருவில் நடித்துக் காட்டும் வழக்கம் இது. சிறுவர்கள் மெழுகுவத்தி ஏந்தி, அவ்விருவரின் சிறு உருவங்களைச் சுமந்து செல்வர். 1587இல் அகொல்மான் மடத்து அகுஸ்தீனியத் துறவியர் போப்பின் இசைவு பெற்று நடத்திய டிசம்பர்த் திருப்பலிகளிலிருந்து இது வளர்ந்ததாகச் சொல்வர்.

மொழியியல் படித்த எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதன் உரையாடல் அமைப்பு. கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வாசலில் நின்று இடம் கேட்டுப் பாடும். மறுபாதி மூடிய கதவுக்கு உள்ளிருந்து மறுத்துப் பாடும். வந்திருப்பவர் போக்கிரியோ என்று உள்ளிருப்போர் ஐயுறுவர், அடிப்பதாகவும் மிரட்டுவர். வெளியே நிற்பவர் தம் ஊரையும் பெயரையும் தச்சுத் தொழிலையும் சொல்லி மன்றாடுவர். வந்தவர் யாரென்று தெரிந்ததும் கதவு திறக்கும்.

பிறகு விளையாட்டு. ஏழு தலையான பாவங்களைக் குறிக்கும் ஏழு முனை விண்மீனாகிய ‘பின்யாதா’வைக் குழந்தைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு கோலால் அடிப்பர், நம் உறியடி நினைவுக்கு வரும். உடைந்தால் கரும்புத்துண்டும் ஆரஞ்சும் வேர்க்கடலையும் தெஹொகோத்தேப் பழமும் கொட்டும். முன்னிரண்டும் ஸ்பானியர் கொண்டுவந்தவை. பின்னிரண்டும் ஸ்பானியர் வருமுன்பே அங்கிருந்தவை, பெயர்களும் நாவாட்டில் மொழியின. படையெடுத்தவரும் மண்ணின் மக்களும் ஒரே பானைக்குள்.

ஆய்வுக்காக வடநாட்டு நகரொன்றில் வாடகை வீடு தேடிய நாள்களில் நானும் ஊர், பெயர், தொழில் மூன்றையும் வாசல்தோறும் ஒப்பித்தேன். அடுத்த வினா, என்ன சமைப்பீர்கள் என்பது. அதற்கடுத்தது, முழுப்பெயர் என்ன என்பது. எனக்கிருப்பது தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே என்றேன். கேட்டவர் தேடியது பெயரை அன்று, சாதியை.

ஆகவே அப்பாட்டின் முடிவு என்னை உறுத்துகிறது. வந்தவள் இறைவனின் தாய் என்பதால் கதவு திறந்தது. அவள் வெறும் தச்சன் மனைவியாக மட்டும் இருந்திருந்தால்?

ஆயினும் குழந்தைகளுக்கு இவ்வழக்கம் கற்பிப்பது வேறொன்று எனத் தோன்றுகிறது. இரவுக்கிரவு வீடு மாறும். நேற்று உள்ளிருந்து மறுத்துப் பாடிய சிறுமி இன்று தெருவில் குளிரில் நின்று அதே மறுப்பைக் கேட்கிறாள். மறுக்கும் சொற்களை அவள் மனப்பாடமாக அறிவாள். கதவுக்கு வெளியே அவை எப்படி ஒலிக்கும் என்பதையும் அறிவாள். இவ்விரண்டாம் பாடத்தை நம் வீட்டுக்காரர்களுக்கு எவரும் சிறு வயதில் கற்றுத் தரவில்லை.