இரட்டைக் குழல்

மாமனார் ஸ்தானத்தில் இருப்பவன் மாப்பிள்ளையின் ஆசைகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து எழுதாத சட்டம். வலியக் கேட்டால்கூட, "உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டும். கலிபோர்னியாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது இந்தச் சட்டத்தை நான் ஒழுங்காகவே அனுசரித்து வந்தேன். அதற்குச் சோதனையாக வந்தது மாப்பிள்ளையின் பழைய பிக்-அப் வண்டி.

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடமேற்கே, சுற்றிலும் மலைகள் நிற்கும் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் அவர்கள் வீடு. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். ஐந்து நாள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சனிக்கிழமை கையில் கிரீஸ் படாவிட்டால் சாப்பாடு இறங்காது. வண்டி 1985-ஆம் வருஷத்தது. பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின். இரண்டு பக்கத்துப் புகையும் கீழே வந்து ஒரே குழாயில் சேர்ந்து, ஒரே சைலன்ஸர் வழியாகப் பின்னால் போகிறது. அதுதான் மாப்பிள்ளையின் மனக்குறை.

"பாருங்க மாமா, ரெண்டு மூக்கு இருந்தும் ஒரு மூக்கால மூச்சு விடுது. பக்கத்துக்கு ஒரு குழாய்னு தனித்தனியா போட்டா எப்படி இழுக்கும் தெரியுமா? சத்தமும் கம்பீரமா இருக்கும்."

சத்தத்தின் கம்பீரத்துக்கு உதாரணம் அடுத்த வீட்டிலேயே இருந்தது. அங்கே ஒரு பெரியவர் 1972-ஆம் வருஷத்துப் பிக்-அப் வைத்திருந்தார். அதற்கு இரண்டு குழாய்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அதைக் கிளப்பினால் எங்கள் சமையலறைத் தம்ளர்கள் மெல்ல நடுங்கும். மாப்பிள்ளை வாசலுக்குப் போய் நின்று, கச்சேரி கேட்பவர் மாதிரித் தலையை ஆட்டுவார். மகள் ஜன்னலைச் சாத்துவாள். வண்டி தெருக்கோடி திரும்பிய பிறகும் அந்தப் பழைய பெட்ரோல் நெடி வாசலில் தங்கியிருக்கும்.

அந்த ராஜ்யத்தில் 1976-ஆம் வருஷம் முதற்கொண்டு செய்த பெட்ரோல் வண்டிகளை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புகைச் சோதனைக்குக் கொண்டு போக வேண்டும். மாப்பிள்ளையின் வண்டியைப் போன்றவற்றை உருளைகள் மேல் ஏற்றி ஓடவிட்டு, பின்குழாயில் வருவதை அளக்கிறார்கள். ஒருவர் குனிந்து, கம்பெனி வைத்த சாமான்கள் வைத்த இடத்தில் இருக்கின்றனவா என்றும் பார்க்கிறார். 1975-ஆம் வருஷத்துக்கும் அதற்கு முந்தியதுமான வண்டிகளுக்கு இந்தச் சோதனை கிடையாது. ஆகவே அடுத்த வீட்டுக்காரர் சுதந்திர புருஷர். என் மாப்பிள்ளை அல்ல.

"அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1998-ல் அங்கே ஒரு சலுகை ஏற்பட்டது. முப்பது வயதான வண்டிக்குச் சோதனை வேண்டாம். வருஷம் ஏற ஏற அந்தக் கோடும் நகர்ந்துகொண்டே வரும். 2004-ல் இன்னொரு சட்டம் போட்டு, நகர்ந்துகொண்டிருந்த கோட்டை 1976-லேயே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தாமல் இருந்தால் மாப்பிள்ளையின் வண்டி 2015-லேயே விடுதலை பெற்றிருக்கும். வரிசையில் நின்று நின்று கவுண்ட்டரை நெருங்கும்போது பலகையைச் சாத்தினால் எப்படி இருக்கும்?

இந்த வருத்தத்தில் இருந்தவருக்கு ஒரு சிநேகிதர் வழி சொன்னார். புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டரைக் கழற்றிவிடுவது. நேராக இரண்டு குழாய் போடுவது. சோதனைக்கு முதல் நாள் பழைய சாமான்களை மாட்டிக்கொண்டு போய்ச் சீட்டு வாங்குவது. மறுநாள் மறுபடி இரட்டைக் குழல். "நிறையப் பேர் செய்யறாங்க மாமா. நீங்க என்ன சொல்றீங்க?"

"உங்களுக்குத் தெரியாததா?" என்றேன். ஆனால் அன்று அந்த வாக்கியம் வழக்கம்போல் என்னை விடுவிக்கவில்லை. விஷயம் என்னவென்று தெரிந்துகொள்ளத் தோன்றியது. நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

1943 ஜூலையில் ஒரு நாள் லாஸ் ஏஞ்சல்ஸை ஒரு மூட்டம் மூடிக்கொண்டது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. யுத்த காலமாகையால் ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்று சிலர் பயந்தார்கள். பிறகு, செயற்கை ரப்பருக்குச் சரக்குச் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மேல் பழி விழுந்தது. அதை நிறுத்திப் பார்த்தும் மூட்டம் போகவில்லை. 1957-ல் கொல்லையில் குப்பை எரிப்பதைத் தடுத்தார்கள், அப்போதும் போகவில்லை.

குற்றவாளியைக் கண்டுபிடித்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற ஹாலந்துக்காரர். பாஸடேனாவில் உள்ள கால்டெக்கில் ரசாயனப் பேராசிரியர். அன்னாசிப் பழத்துக்கு அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர், நகரத்தின் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் திரும்பினார். மோட்டார்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் ஆவிகள் வெயிலில் வெந்து ஓஸோனாக மாறுகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். வளைத்து வைத்த ரப்பர்த் துண்டு எவ்வளவு வெடிக்கிறது என்பதைக் கொண்டே காற்றின் கேட்டை அளக்கலாம் என்பதும் அவர் காட்டியதுதான். மோட்டார்க் கம்பெனிக்காரர்களுக்கு இது ரசிக்கவில்லை. ஆனால் 1968-ல் ராஜ்யத்தின் காற்றுவள வாரியத்துக்கு அவரே முதல் தலைவராக வந்தார்.

1970-ல் அமெரிக்கா முழுவதற்குமாகக் காற்றுச் சுத்தச் சட்டம் வந்தது. அதன் விளைவாக 1975-ஆம் வருஷத்துக் கார்களில் கன்வர்ட்டர் புகுந்தது. பார்வைக்கு அது ஒரு தகர டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரிப் பீங்கானோ, பூசிய குண்டுமணிகளோ இருக்கும். அவற்றின் மேல் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. எரியாமல் வருவதை அது எரித்துத் தீர்க்கும். ஈயம் கலந்த பெட்ரோல் பட்டால் அந்தப் பூச்சு செத்துப்போகும். ஆகவே டப்பாவைக் காப்பாற்றுவதற்காக ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 1996-ல் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோலே கூடாது என்றாயிற்று. அந்த இடைக்காலத்தில் குழந்தைகளின் ரத்தத்தில் இருந்த ஈயமும் மளமளவென்று குறைந்தது. ஒரு தகர டப்பாவின் புண்ணியம் இவ்வளவு தூரம் போயிருக்கிறது.

படித்ததை நான் மாப்பிள்ளையிடம் பிரசங்கமாகச் சொல்லவில்லை. சாப்பிடும்போது அன்னாசி ஆராய்ச்சிக்காரரின் கதையை மட்டும் பேத்திக்குச் சொன்னேன். காற்று கெட்ட நாட்களில் அவள் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளை மைதானத்துக்கு விடுவதில்லை. "அப்போ இன்னும் அந்த மூட்டம் போகலையா தாத்தா?" என்றாள். "நிறையப் போயிருக்கு. முழுக்கப் போகலை" என்றேன். மாப்பிள்ளை ரசத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு சைலன்ஸர் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் எழுபது வயது மனிதர். வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒரு சாக்குக்கட்டியால் கன்வர்ட்டருக்குப் பின்னால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இதற்கு முன்னால் உள்ளது உன்னுடையது அல்ல. பின்னால் உள்ளதை உன் இஷ்டம்போல் செய்துகொள்" என்றார்.

பிறகு காரணங்களைச் சொன்னார். கன்வர்ட்டர் வேலை செய்ய உத்தேசம் 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இடத்தை மாற்றிப் பின்னுக்குத் தள்ளினால் சூடேற நேரமாகும், அதுவரை அழுக்கெல்லாம் தெருவுக்குத்தான். முன் குழாயில் ஆக்ஸிஜனை முகர்ந்து பார்க்கும் ஒரு கருவி இருக்கிறது. குழாயை இரண்டாகப் பிரித்தால் அது ஒரு பக்கத்து மூச்சை மட்டும் முகர்ந்துவிட்டு எட்டு சிலிண்டருக்கும் கணக்குச் சொல்லும். 1990-ல் சட்டத்தைத் திருத்தியபோது, கழற்றுகிற பட்டறைக்காரன் மட்டுமல்ல, வண்டிச் சொந்தக்காரனும் குற்றவாளிதான் என்று ஆக்கிவிட்டார்கள். சத்தத்துக்கும் எல்லை உண்டு. கார்களுக்கும் சின்ன லாரிகளுக்கும் 95 டெஸிபெல்.

"இழுவை கூடுமா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"நீ பந்தயமா ஓடப்போகிறாய்? எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் அகலமான குழாய்க்கு வேலை. கடைக்குப் போய் மண் மூட்டை ஏற்றி வருகிற வேகத்தில் உனக்குத் தெரியக்கூட தெரியாது."

கடைசியில் அந்தக் கோட்டுக்குப் பின்னால், ஒரு வழி நுழைந்து இரு வழி வெளியேறும் சைலன்ஸர் ஒன்றைப் பொருத்தினார். அங்கிருந்து இரண்டு குழாய்கள் அச்சுக்கு மேலே வளைந்து, பெட்ரோல் டாங்கையும் உபரிச் சக்கரத்தையும் தொடாமல் ஒதுங்கி, பின் சக்கரங்களுக்கு அப்பால் பக்கத்துக்கு ஒன்றாக எட்டிப் பார்த்தன. கிளப்பியதும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவர் எதிர்பார்த்த இடி அல்ல அது. ஆனால் பழைய சத்தமும் அல்ல. தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசத் தொடங்கும் பெரிய மனிதர் ஒருவரின் குரல். பாதி சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது.

மீதிப் பாதி எங்கே போயிற்று என்று நான் யோசித்தேன். அடுத்த வீட்டுப் பெரியவர் பழையபடி ஞாயிற்றுக்கிழமைகளில் தம்ளர்களை நடுங்க வைத்துக்கொண்டுதான் இருந்தார். சட்டம் எங்கேயாவது ஒரு கோடு போட்டாக வேண்டும். போட்ட கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்கு அது அநியாயமாகத்தான் தெரியும். அந்த மனத்தாங்கல் பொய் அல்ல. ஆனால் அதைத் தீர்த்துக்கொள்ளச் சிநேகிதர் சொன்ன வழியில், அபராதம் கேட்கும் சர்க்காருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மலைகளுக்கு நடுவே காற்று தேங்கும் அந்தப் பள்ளத்தாக்கில், மைதானத்துக்குப் போக முடியாமல் வகுப்பில் உட்காரும் குழந்தைகளுக்குத்தான் நஷ்டம்.

இரண்டு வருஷத்தில் சட்டம் வண்டியைப் பார்ப்பது ஒரே ஒரு நாள். பாக்கி 729 நாளும் வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்பது சொந்தக்காரனுக்கு மட்டுமே தெரியும். ஊரின் காற்று அந்த 729 நாளை நம்பித்தான் இருக்கிறது. மாப்பிள்ளையை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருந்தும் அவர் சாக்குக்கட்டிக் கோட்டைத் தாண்டவில்லை. மகளைக் கொடுத்த இடம் நல்ல இடம் என்று அன்று எனக்கு மறுபடியும் ஒருமுறை தோன்றியது.