நாலு போல்ட் வேலை என்றார்கள்

ஃபீனிக்ஸிலிருந்து மேற்கே, இன்டர்ஸ்டேட் 10 நெடுஞ்சாலையில் சுமார் 200 கிலோமீட்டர் போனால் குவார்ட்ஸைட் வருகிறது. அரிசோனா பாலைவனத்தில் ஒரு சின்ன ஊர். கோடையில் அந்த வெயிலில் யாரும் நிற்க மாட்டார்கள். ஜனவரியில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள்தான். வடக்கத்திக் குளிருக்குத் தப்பி வந்தவர்கள் வீட்டையே சக்கரத்தில் கட்டிக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறார்கள். ஊரின் தெற்கே, மத்திய அரசின் நில நிர்வாகத் துறைக்குச் சொந்தமான லா போசா வெளியில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க நான் போனபோது 180 டாலர். 14 நாள் மட்டும் என்றால் 40.

நான் தேடிப் போனது பழைய பஸ்களை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கித் தெற்கே இரண்டு மைல் நடந்தேன். காலடியில் சரளைக்கல், இரு பக்கமும் கிரியசோட் புதர், எங்கோ ஒரு ஜெனரேட்டரின் இரைச்சல். வெள்ளை நிற ஃபைபர் வண்டிகளுக்கு நடுவே அலுமினியப் பக்கவாட்டில் வெயில் அடித்து ஒன்று மட்டும் மினுங்கியது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஜெனரல் மோட்டார்ஸின் பி.டி. 4104.

1953 முதல் 1960 வரை மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் ஊரில் கட்டிய பஸ் இது. ஐயாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். 35 அடி நீளம், 41 பயணிகள், பின்னால் ஆறு சிலிண்டர் டெட்ராய்ட் டீசல். இரும்புப் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பைகள்தான் உடம்பைத் தாங்கும். கிரேஹவுண்ட் கம்பெனி நாடு முழுக்க ஓட்டிய ரகம். ஓய்வு கொடுத்த பிறகு தனியார் வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கிக்கொண்டார்கள். இதுவும் அப்படி ஒன்றுதான். உள்ளே நுழைந்ததும் காப்பி வாசனையும் பழைய டீசல் வாசனையும் சேர்ந்து வந்தன.

சொந்தக்காரருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மனைவி வாசல் படியில் உட்கார்ந்து சாமான்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். டிரைவர் சீட்டை மாற்றப் போகிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் அவருக்கு இடுப்பு விட்டுப்போகிறதாம். பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, “நாலு போல்ட், ஒரு மணி நேர வேலை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பழைய சீட்டைப் பார்த்தேன். பழுப்பு ரெக்ஸின், ஓரம் கிழிந்து ஸ்பாஞ்சு மாவாக உதிர்ந்தது. பஸ்ஸோடு வந்த சீட் இதுதான் என்றார் அவர். எனக்குச் சந்தேகம். சீட்டின் காலுக்கு அரை அடி தள்ளி, மிதியடியைத் தூக்கினால், தரையில் மரக்கட்டை வைத்து அடைத்த நான்கு துளைகள் இருந்தன. அவற்றின் இடைவெளி இந்தச் சீட்டின் கால்களோடு ஒத்துப்போகவில்லை. முதல் சீட் எப்போதோ போய்விட்டது. நடுவில் யாரோ வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். அவரும் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனரை எடுத்தார்.

போல்ட் கழன்று சீட் வெளியே வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அடியில் ஆங்கிள் இரும்பில் வெல்டிங் வைத்த நாலு அங்குலப் பெட்டி ஒன்று, உயரத்துக்காக. அது பஸ்ஸின் சட்டத்தில் மாட்டப்படவில்லை. பிளைவுட் தரையில் மட்டும், பெரிய வாஷர் போட்டு முடுக்கியிருந்தார்கள். அவர் ஸ்க்ரூ டிரைவரால் அந்தப் பிளைவுட்டைக் குத்தினார். கேழ்வரகுக் களியில் கரண்டி இறங்குவது போல் இறங்கியது. டிரைவர் ஜன்னல் வழியே கசிந்த மழைத் தண்ணீர் பல வருஷம் அங்கே ஊறியிருக்கிறது. பத்து டன் அளவுள்ள வண்டியை ஓட்டுகிற ஆளை அத்தனை காலம் பிடித்துவைத்திருந்தது கறுத்துப்போன ஒரு பலகை. அந்த இடத்தைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இந்த பஸ்ஸுக்கு பவர் ஸ்டியரிங் கிடையாது. ஸ்டியரிங் சக்கரம் பெரிதாக, ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கிறது. மெதுவாகப் போகும்போது திருப்ப வேண்டுமென்றால் தோளைக் கொடுத்து இழுக்க வேண்டும். கிளட்ச்சும் கனம்தான். அதை மிதிக்கும்போது முதுகு சாய்மானத்தில் போய் அழுந்துகிறது. கையின் பலமும் காலின் பலமும் கடைசியில் சீட்டின் வழியாகத் தரையில்தான் போய் இறங்குகின்றன. மெத்தையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என் கண் தரையை விட்டு நகரவில்லை.

அடியில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் நேராகப் படுத்து உள்ளே நுழையவில்லை. முதலில் நான்கு இரும்பு முட்டுகளை உருட்டிக்கொண்டு வந்து, பஸ்ஸின் உடம்பைத் தாங்கக்கூடிய கெட்டியான இடங்களில் நிறுத்தினார். காற்றுப்பையில் நிற்கிற வண்டியில் காற்று இறங்கினால் உடம்பு சில அங்குலம் கீழே உட்காரும். அப்போது அடியில் கிடப்பவர் எழ முடியாது. பழைய பஸ் வைத்திருப்பவர்களில் இதை மறந்து உயிர் விட்டவர்கள் உண்டு. முட்டுக் கொடுத்த பிறகு அவர் காற்றை வேண்டுமென்றே இறக்கி, பஸ் முட்டின் மேல் நன்றாக அமர்ந்ததா என்று பார்த்தார். அதற்கப்புறம்தான் டார்ச்சோடு உள்ளே போனார்.

புது சீட் என்று சொன்னாலும் அது பழசுதான். லாரியிலிருந்து கழற்றிய ஏர் சீட், பாஸ்ட்ராம் என்று பொறித்த தகடு இருந்தது. ஊருக்குள் பழைய சாமான் சந்தையில் 150 டாலருக்கு வாங்கினாராம். கத்தரிக்கோல் மாதிரி மடங்கும் இரும்புக் கைகள், நடுவே ஒரு சின்னக் காற்றுப்பை, பக்கத்தில் ஷாக் அப்சார்பர். இடது கை எட்டுமிடத்தில் ஒரு குமிழ். இழுத்தால் ஏறும், அழுத்தினால் இறங்கும்.

அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தோம். பழைய பெட்டியின் மேலேயே இதை வைத்தால் தொடை ஸ்டியரிங்கில் இடிக்கும். பெட்டியை எடுத்துவிட்டால் பொருந்துகிறது, கண்ணும் முன்கண்ணாடியின் நடுவுக்கு வருகிறது. ஆக, பெட்டி போனது. பிளைவுட்டை இரண்டடிக்கு இரண்டடி வெட்டி எடுத்துப் புதுப்பலகை போட்டார்கள். அடியில் கால் அங்குல இரும்புத் தகடு. தகட்டின் இரு ஓரமும் பஸ்ஸின் குறுக்குச் சட்டத்தில் ஏறி உட்கார்ந்தன. போல்ட் தரையையும் தகட்டையும் ஊடுருவி அந்தச் சட்டத்தோடு முடுக்கப்பட்டது. அலுமினியமும் இரும்பும் தொடுகிற இடமெல்லாம் ரப்பர் ஷீட் வைத்தார். இல்லாவிட்டால் ஈரம் பட்டதும் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும்.

போல்ட்டிலும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பையில் “கிரேடு 8” என்று எழுதியிருந்தது. எடுத்துப் பார்த்தால் சிலவற்றின் தலையில் மூன்று கோடுகள். கிரேடு 8-க்கு ஆறு கோடு இருக்க வேண்டும், மூன்று என்றால் கிரேடு 5. அவர் மனைவிதான் ஒவ்வொன்றாக வெயிலில் காட்டிப் பிரித்தார். மூன்று கோட்டு போல்ட்டுகள் தனி டப்பாவுக்குப் போயின.

காற்றுக் குழாய் இழுப்பதில்தான் அதிக நேரம் போனது, எனக்கும் அதுதான் பிடித்த பகுதி. சீட்டுக்கு வேண்டிய காற்று பஸ்ஸின் கம்ப்ரஸரிலிருந்தே வருகிறது. பிரேக்கும் அந்தக் காற்றில்தான் வேலை செய்கிறது. சீட்டுக் குழாய் ஒரு நாள் வெடித்தால் பிரேக் காற்றும் சேர்ந்து ஓடிவிடக் கூடாது. அதற்காக நடுவில் பிரஷர் புரொடெக்‌ஷன் வால்வு ஒன்றை வைத்தார். டாங்கியில் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அது சீட்டின் வழியை அடைத்துவிடும். வேலை முடிந்ததும் சீட்டுக் குழாயை வேண்டுமென்றே கழற்றிவிட்டார். உஸ் என்று சீறியது. டேஷ்போர்டில் முள் இறங்கிக்கொண்டே வந்து 70 பவுண்டுக்குப் பக்கத்தில் நின்றது, சீறலும் நின்றது. வால்வு அட்டையில் எழுதியிருந்ததை நான் படித்திருந்தேன். ஆனாலும் முள் நின்றதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி.

சீட் பெல்ட்டைப் பழைய துளையிலேயே மாட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். அவர் ஒப்பவில்லை. ஏர் சீட் தரையோடு ஒட்டி நிற்பதில்லை, மேலும் கீழும் போகிறது. மோதினால் அந்தக் கத்தரிக்கோல் கைகள் ஆளையும் சேர்த்து மேலே இழுத்துவிடும். அதனால் சீட்டின் மேல் சட்டத்திலிருந்து தரைக்கு இரண்டு தடித்த பட்டைகள் கட்டினார். டெதர் என்கிறார்கள். அவற்றையும் அந்தத் தகட்டிலேயே முடுக்கினார்.

ஓட்டிப் பார்க்கும்போது நானும் ஏறிக்கொண்டேன். தார்ச்சாலையில் அருமையாகப் போனது. கரடுமுரடான மண் பாதையில் இறங்கியதும் இன்ஜின் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. “ரோடு அப்படி” என்றார் அவர். நான் அவர் காலைப் பார்த்தேன். சீட் ஆடும்போது உடம்பு ஆடுகிறது, கூடவே ஆக்ஸிலேட்டரில் வைத்த பாதமும் ஆடுகிறது. சொன்னேன். வண்டியை நிறுத்தி ஷாக் அப்சார்பரின் திருகை இரண்டு சுற்று இறுக்கி, சீட்டை ஓர் அங்குலம் பின்னால் தள்ளினார். திரும்பி வரும்போது சத்தம் ஒரே சீராக வந்தது.

சீட் 150, தகடும் வெட்டுக்கூலியும் 60, வால்வும் குழாயும் 45, போல்ட், பலகை, டெதர் எல்லாம் சேர்த்து 90. மொத்தம் 345 டாலர். நூறு மைல் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை முடுக்க வேண்டும். அவர் மனைவி அதை ஒரு காகிதத் துண்டில் எழுதி ஸ்பீடோமீட்டருக்குக் கீழே ஒட்டினார்.