பாஸ்வேர்ட் சரிதான்... தேதிதான் தப்பு!

உங்க வீட்டு பரண் மேல, பழைய பெட்ஷீட்டுக்கு அடியில ஒரு அரசாங்க லேப்டாப் தூங்குதா? பேட்டரி ஒரு நிமிஷம்கூட நிக்காது. சார்ஜர் ஒயர்ல இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கும். கீபோர்டுல ரெண்டு எழுத்து காணாமப் போயிருக்கும். ஆமாம்னா, பழைய இரும்புக்காரர் வர்றதுக்குள்ள இதைப் படிச்சிடுங்க பாஸ்!

எங்க ஊரு வல்லம் வடகால். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவுல. 2017-ல ராயல் என்ஃபீல்டு ஆலை வந்த ஊர்னு சொன்னா பசங்களுக்குச் சட்டுனு புரியும். 2024 ஆகஸ்ட் 17-ல 706.50 கோடி ரூபாய்ல, பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்குற குடியிருப்பைத் திறந்தாங்களே, அதுவும் இங்கதான். அந்தக் குடியிருப்புக்கு வெளியேயும் பல பேர் இருக்காங்க. எங்க வீடு மாதிரி வீடுகள்ல மாடி ரூம்ல ரெண்டு பேர், மூணு பேர்னு தங்கி, விடியக்காலை கம்பெனி பஸ் ஏறுறவங்க.

எங்க மாடி ரூம் அக்கா அதுல ஒருத்தங்க. திருவண்ணாமலைப் பக்கம். ஆறு வருஷமா காண்ட்ராக்ட். லைன்ல வேலை பார்த்துக்கிட்டே தபால் வழியில பி.காம் முடிச்சவங்க. நான் தேர்ட் இயர் மெக்கானிக்கல். 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச தம்பி'ன்னு தெருவுல ஒரு பேரு. பிரின்டர்ல பேப்பர் மாட்டினாக்கூட என்னைத்தான் கூப்பிடுவாங்க. அந்தப் பேரை எப்படிக் காப்பாத்தினேன், அதுக்கு முன்னாடி எப்படிக் கெடுத்துக்கப் பார்த்தேன்... ரெண்டையும் சொல்றேன்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி. ஷிஃப்ட் முடிஞ்சு வந்த அக்கா நேரா எங்க வாசல்ல நின்னாங்க. முகம் சரியில்லை.

"தம்பி, என் மெயிலைத் திறக்க முடியுமா?"

விஷயம் இதுதான். ஒரு கம்பெனியில ஆபீஸ் வேலை. காண்ட்ராக்ட் இல்ல, ரோல்! டெஸ்ட் முடிஞ்சு, தேர்வானவங்களுக்கு மெயில் அனுப்பியிருக்காங்க. கூட எழுதின பொண்ணுக்கு வந்துடுச்சு. மெயில்ல இருக்கற லிங்க்ல திங்கட்கிழமை காலை 10 மணிக்குள்ள சர்டிபிகேட்டை ஏத்தணும். அக்காவுக்கும் வந்திருக்கும். ஆனா மூணு நாள் முன்னாடி பஸ்ல போன் தொலைஞ்சு போச்சு. மெயில் அந்தப் போன்லதான் தானா திறந்துக்கும். பாஸ்வேர்ட்? "எப்பவோ போட்டது தம்பி..."

சனி, ஞாயிறு ஆபீஸ் லீவு. கேட்க ஆள் கிடையாது.

'ஃபர்காட் பாஸ்வேர்ட் போட்டா முடிஞ்சுது'ன்னு நானும் என் லேப்டாப்பைத் திறந்தேன். "உங்க போனுக்கு ஒரு நோட்டிபிகேஷன் அனுப்பியிருக்கோம், அதுல 'ஆம்' அழுத்துங்க"ன்னு வந்துச்சு. எந்தப் போன்? தொலைஞ்சு போன அதே போன்! சரி, வேற வழி. ஒரு நம்பருக்கு கோட் அனுப்பட்டுமான்னு கேட்டுது. அது அக்கா ஊர்ல இருந்தப்போ வெச்சிருந்த சிம். ரீசார்ஜ் பண்ணாம விட்டு வருஷக்கணக்காச்சு. (இப்படி விட்ட நம்பர் உங்க பேர்லயே காத்திருக்கும்னு நினைக்காதீங்க. 90 நாள் போனா அதை வேற ஒருத்தருக்குக் கொடுக்கலாம்னு விதியே இருக்கு. உங்க கோட் எல்லாம் முகம் தெரியாத யாருக்கோ போகும்!) சரி, மூணாவது வழி. ரெக்கவரி மெயில். பாதி எழுத்து புள்ளி புள்ளியா தெரியுது. அக்கா உத்துப் பார்த்துட்டு, "அய்யோ, இது பிரவுசிங் சென்டர் அண்ணனோடது"ன்னாங்க. ப்ளஸ் டூ முடிச்சப்போ அப்ளிகேஷன் போடறதுக்காக அவர்தான் ஐ.டி. ஆரம்பிச்சுக் கொடுத்தாராம். கடை மூடியே பல வருஷமாச்சு.

சிரிக்காதீங்க. உங்க ஐ.டி.யை யார் ஆரம்பிச்சாங்க, ரெக்கவரியில யார் நம்பர் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

அப்புறம் நான் செஞ்சதுதான் அசட்டுத்தனம். அக்கா சொன்ன பாஸ்வேர்டை எல்லாம் வரிசையா அடிச்சேன். ஏழு, எட்டு தடவை இருக்கும். 'முயற்சி அதிகமாயிடுச்சு, பிறகு வாங்க'ன்னு கதவைச் சாத்திடுச்சு. மணி பன்னிரண்டரை. அக்கா ஒண்ணும் சொல்லலை. "பரவாயில்ல தம்பி, நீ தூங்கு"ன்னு படியேறிப் போயிட்டாங்க. எனக்குத்தான் தூக்கம் வரலை.

அந்த ராத்திரி உக்காந்து கணக்கை மீட்கறது பத்தின உதவிப் பக்கங்களை முழுசாப் படிச்சேன். முதல்லயே படிச்சிருக்கணும். அதுல ஒரு வரி: நீங்க வழக்கமா பயன்படுத்தற கம்ப்யூட்டர்ல, வழக்கமான பிரவுசர்ல, வழக்கமா உட்கார்ற இடத்துல இருந்து முயற்சி பண்ணுங்க. அதாவது, அந்தப் பக்கம் பார்க்கறது பாஸ்வேர்டை மட்டும் இல்ல. 'இந்த மெஷினை முன்னாடி பார்த்திருக்கேனா'ன்னும் பார்க்குது. என் லேப்டாப் அதுக்கு முன்பின் தெரியாத ஆள்!

காலையில ஓடிப்போய்க் கேட்டேன். "அக்கா, வேற எதுல மெயில் பார்த்திருக்கீங்க?"

"ஸ்கூல்ல கொடுத்த லேப்டாப்ல பார்ப்பேன். போன வருஷம்கூட அசைன்மென்ட் டைப் பண்றப்போ, இதே ரூம்ல..."

கட்டிலுக்கு அடியில சூட்கேஸ். சூட்கேஸுக்குள்ள துப்பட்டா சுத்தின லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல தமிழக அரசு ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல, 2013 ப்ளஸ் டூ பேட்ச்சுக்கு வந்தது. பட்டனைத் தட்டினதும் ரெண்டு பேர் வந்தாங்க: ஒண்ணு விண்டோஸ் 7, இன்னொண்ணு பாஸ். உங்களைக் கூப்பிடற பாஸ் இல்ல! சி-டாக் உருவாக்கின நம்ம நாட்டு லினக்ஸ். அந்தக் காலத்து எல்காட் லேப்டாப் வெச்சிருந்தவங்களுக்கு அந்த மெனு மறக்காது. லினக்ஸ் ஆச்சேன்னு ஆசையா அதுல நுழைஞ்சேன். அதுல இருந்த பிரவுசர் ரொம்பப் பழசு. இப்போ சைட்டுகள் பேசற பாதுகாப்பு மொழி அதுக்குத் தெரியாது. டி.எல்.எஸ். 1.0, 1.1-னு பழைய மொழிகளை 2021 மார்ச்லயே அதிகாரபூர்வமா ஒதுக்கிட்டாங்க. பக்கமே வரலை. திரும்பி விண்டோஸுக்கு வந்தேன்.

வைஃபைல என் போன் ஹாட்ஸ்பாட்டே தெரியலை. இது சின்ன விஷயம், ஆனா அரை மணி நேரம் தின்னுச்சு. அந்தக் காலத்து லேப்டாப் பலதுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். புதுப் போன் 5-ல ஒளிபரப்பிக்கிட்டு இருந்தா கண்ணுக்கே படாது. ஹாட்ஸ்பாட் செட்டிங்ல 2.4-க்கு மாத்துங்க, வந்துடும்.

குரோமைத் திறந்தா, 'உங்க கடிகாரம் பின்தங்கி இருக்கு'ன்னு சிவப்பா ஒரு எச்சரிக்கை. கீழே வலது மூலையைப் பார்த்தேன். தேதி 01-01-2012!

இதை உங்க ஊர் பாஷையில சொல்றேன். கம்பெனி கேட்ல செக்யூரிட்டி அண்ணன் கேட் பாஸ்ல என்ன பார்ப்பார்? 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும்'கறதை. ஒவ்வொரு சைட்டும் உங்க பிரவுசர்கிட்ட அப்படி ஒரு பாஸைக் காட்டும். சர்டிபிகேட்னு பேரு. செக்யூரிட்டி அண்ணன் மனசுல இது 2012-ன்னா, இந்த வருஷத்து பாஸ் எல்லாமே 'இன்னும் ஆரம்பிக்காத பாஸ்'தான். உள்ளே விடமாட்டார். இந்த பாஸ்களோட ஆயுளும் வருஷா வருஷம் குறையுது. 2020 செப்டம்பர்ல இருந்து அதிகபட்சம் 398 நாள். 2026 மார்ச் 15-ல இருந்து 200 நாள், 2029-ல 47 நாள்னு விதி போட்டிருக்காங்க. அதனால தேதி சில மாசம் தப்பா இருந்தாலே போதும், வம்புதான்.

தேதி ஏன் ஓடிப்போச்சு? மதர்போர்டுல ஒரு சின்ன நாணயம் சைஸ் பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சி.ஆர். 2032. கம்ப்யூட்டர் ஆஃப் ஆனாலும் மணி பார்த்துக்கிட்டிருக்கறது அதுதான். அது செத்துட்டா, கரன்ட் போற ஒவ்வொரு தடவையும் மெஷின் பிறந்த காலத்துக்கே திரும்பிப் போயிடும். தேதி, மணி, டைம் ஸோன் மூணையும் சரி பண்ணினேன். சிவப்பு எச்சரிக்கை போச்சு. லாகின் பக்கம் வந்துடுச்சு! அக்கா கையைக் கோத்துக்கிட்டு நின்னாங்க.

இங்கதான் நான் ரெண்டாவது தடவை கெடுக்கப் பார்த்தேன். குரோம் 109-தான் விண்டோஸ் 7-க்குக் கடைசி. 2023 பிப்ரவரிக்கு அப்புறம் புதுசு கிடையாது. பயர்பாக்ஸுக்கு 2023 ஜூலையில வந்த 115-தான் கடைசி. 'பழைய பிரவுசர் ஆச்சே, குப்பையைக் கிளியர் பண்ணுவோம், குக்கீஸை அழிப்போம்'னு மெனுவைத் திறந்துட்டேன். எந்தப் பிரச்னைன்னாலும் நாம சொல்ற முதல் வைத்தியம் அதுதானே? மவுஸ் அந்தப் பட்டன் மேல நிக்குது.

"தம்பி, அதை அழிச்சா அது என்னை ஞாபகம் வெச்சிருக்கறதும் போயிடாதா?"

அப்படியே நின்னேன். நூத்துக்கு நூறு சரி. அந்த மெஷினை 'தெரிஞ்ச ஆள்'னு காட்டறதே அந்தக் குக்கீதான். ராத்திரி பூரா படிச்ச நான் அதை அழிக்கப் போனேன். தபால் வழியில பி.காம் படிச்ச அக்கா தடுத்தாங்க. கம்ப்யூட்டர் தெரிஞ்ச தம்பி!

மெனுவை மூடிட்டு, செட்டிங்ஸ்ல பாஸ்வேர்ட் பகுதிக்குப் போனேன். சேமிச்சு வெச்ச பாஸ்வேர்ட் வரிசை. பக்கத்துல கண் படம். விண்டோஸுக்கு பாஸ்வேர்ட் வெக்காத லேப்டாப், அதனால அழுத்தினதும் அப்பட்டமா காட்டிடுச்சு. (சௌகரியம்தான். ஆனா திருடனுக்கும் இதே சௌகரியம்தான். ரகசிய மந்திரத்தைக் கோபுரத்துல ஏறி ஊருக்கே சொன்னார்னு சொல்லப்படற ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் நமக்குப் பக்கத்து ஊர்தான். அதுக்காக பாஸ்வேர்டையுமா?) அக்கா பார்த்துட்டு வாயைப் பொத்திக்கிட்டாங்க. அவங்க தம்பி பேரு, அவனோட ஸ்கூல் பஸ் நம்பர். ராத்திரி நான் இதை அடிச்சிருக்கேன். ஆனா முதல் எழுத்து பெரிய எழுத்து. அதான் கோளாறு.

அடிக்கப் போற நேரம், கரன்ட் கட்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம், மெயின்டனன்ஸ்னு நினைக்கறேன். பேட்டரி இல்லாத லேப்டாப் பொட்டுனு அணைஞ்சுது. ஒன்றரை மணி நேரம். அக்கா அப்போதான் பேசினாங்க. "இந்த வேலை கிடைச்சா அப்பாகிட்ட நைட் ஷிஃப்ட் இல்லைன்னு சொல்லலாம் தம்பி. அவரு இன்னும் ராத்திரி போன் பண்ணி பஸ் ஏறிட்டியான்னு கேக்கறாரு..." நான் என்ன சொல்ல? ராத்திரி எட்டு தடவை தப்பா அடிச்சவன் நான்.

கரன்ட் வந்துது. தேதி? மறுபடியும் 01-01-2012. மறுபடியும் சரி பண்ணி, மறுபடியும் ஹாட்ஸ்பாட். நேத்து சாத்தின கதவு இப்போ திறந்திருக்குமா? பெரிய எழுத்துல ஆரம்பிச்சு, ஒவ்வொரு எழுத்தா அக்காவே அடிச்சாங்க. சக்கரம் சுத்துது... சுத்துது...

இன்பாக்ஸ்!

தெரிஞ்ச மெஷின், தெரிஞ்ச இடம், சரியான பாஸ்வேர்ட். வேற எந்தக் கேள்வியும் கேட்கலை. நாலாவது வரியில அந்த மெயில் இருந்துச்சு. சர்டிபிகேட்டை என் போன்ல ஸ்கேன் பண்ணி, சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி ஏத்தியாச்சு.

அதோட விடலை. தொலைஞ்சு போன போனை 'சாதனங்கள்' பட்டியல்ல இருந்து வெளியேத்தினோம். புதுப் பாஸ்வேர்ட். ரெக்கவரி நம்பரை இப்போ இருக்கற சிம்முக்கு மாத்தினோம். பழைய நம்பருக்கு ஏழு நாள் வரைக்கும் கோட் போகலாம்னு சொல்றாங்க, அதனால தொலையறதுக்கு முன்னாடியே மாத்தறது உத்தமம். பிரவுசிங் சென்டர் அண்ணனுக்கு நன்றி சொல்லி விடை கொடுத்தோம். அவசரத்துக்கு 10 பேக்அப் கோட் கிடைச்சுது. அதை அக்கா ரேஷன் கார்டு உறைக்குள்ள எழுதி வெச்சிருக்காங்க. மெயிலுக்குள்ளயே சேமிச்சு வெக்காதீங்க. பீரோ சாவியை பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டற கதை அது.

இதை காலேஜ்ல சொன்னப்போ ஒருத்தன், "எங்க மாமா ஆபீஸ் பழைய கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்ட் சரியா போட்டும் மெயில் வரமாட்டேங்குது, அதுக்கும் தேதிதானா?"ன்னு கேட்டான். அது வேற கேஸ் மச்சி. பிரவுசர் இல்லாம, பழைய அவுட்லுக் மாதிரி மென்பொருள்ல மெயில் இறக்கறவங்க அவங்க. வெறும் பாஸ்வேர்டை மட்டும் வாங்கிட்டு உள்ளே விடற வழக்கத்தை கூகுள் 2022 மே 30-லிருந்து தனிநபர் கணக்குகளுக்கு மூட ஆரம்பிச்சுது. மைக்ரோசாப்டும் 2024 செப்டம்பர் 16-ல அவுட்லுக் டாட் காமுக்கு மூடிடுச்சு. ஜிமெயில்னா டூ-ஸ்டெப் போட்டு, 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்ட்' ஒண்ணு வாங்கி அதைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லு. பல கணக்குல நடக்கும். இல்லைன்னா மென்பொருளை மாத்தணும்.

முக்கியமா இன்னொண்ணு. பரண் மேல லேப்டாப் தூங்கலாம், மெயில் தூங்கக் கூடாது. ரெண்டு வருஷம் எட்டிப் பார்க்காத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர்ல இருந்து கூகுள் அழிக்க ஆரம்பிச்சிடுச்சு. அக்கா போன்ல தினமும் பார்த்ததால தப்பிச்சாங்க.

போன வாரம் அக்கா மாடியில இருந்து கூப்பிட்டாங்க. வெரிஃபிகேஷன் முடிஞ்சு, சேர வேண்டிய தேதி வந்திருக்கு. எங்க அம்மா கேசரி கிண்டினாங்க. நான் ஸ்ரீபெரும்புதூர் போய் அந்தச் சின்ன பேட்டரி வாங்கி வந்து வெச்சிருக்கேன். லேப்டாப்பைப் பிரிக்கத்தான் பயமா இருக்கு. பதினோரு ஸ்க்ரூ எண்ணினேன். உங்கள்ல யாராவது பிரிச்சிருக்கீங்களா?